கலப்பை போகாத இடங்கள்: வட அமெரிக்கப் புல்வெளியின் மிச்சம்

அமெரிக்காவின் அயோவா, இலினாய் மாநிலங்களில் நாட்டுப்புறச் சாலை வழியாகப் போகும்போது, கண்ணுக்கெட்டிய தூரம் வரை மக்காச்சோளமும் சோயாவும் நிற்கும் வயல்களுக்கு நடுவே, இரண்டு மூன்று ஏக்கர் பரப்பில் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று தட்டுப்படுவதுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்து குடியேறியவர்கள் தங்கள் இறந்தோரைப் புதைத்த இடங்கள் அவை. அவற்றுள் சிலவற்றில் சாய்ந்து கிடக்கும் கல்லறைக் கற்களுக்கிடையே, சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் காணக் கிடைக்காத புற்களும் பூச்செடிகளும் ஆளுயரத்துக்கு வளர்ந்து நிற்கும். இப்படி உழப்படாமல் தப்பிய துண்டு நிலத்துக்குள் பக்கத்து வயலிலிருந்து நுழைய வேண்டுமானால், பல இடங்களில் ஒரு படி ஏறுவதுபோல் கால் தூக்கி வைக்க வேண்டியிருக்கும். மேட்டில் யாரும் மண் கொட்டவில்லை. சுற்றியிருக்கும் வயல்தான் தாழ்ந்துபோயிருக்கிறது.

இந்தத் தாழ்வை அளந்து பார்த்த ஆய்வொன்று 2022-இல் வெளியானது. உழப்படாத புல்வெளித் துண்டுகளின் ஓரத்தில் நின்று, அடுத்திருக்கும் வயல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 1.8 மில்லிமீட்டர் மேல்மண் போயிருப்பதாகத் தெரிந்தது. கேட்பதற்குச் சொற்பமான அளவுதான். ஆனால் 160 ஆண்டுகளில் அது ஏறத்தாழ ஓரடி ஆகிவிடுகிறது. அமெரிக்க நடுமேற்குப் பகுதி முழுவதற்கும் சேர்த்து இழப்பு சுமார் 5,700 கோடி டன் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். கல்லறைத் தோட்டம் யாரும் திட்டமிடாமலேயே அளவுகோலாக மாறிவிட்டது. பிரெய்ரி என்று அழைக்கப்படும் வட அமெரிக்கப் புல்வெளியைப் பற்றிப் பேசத் தொடங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. ஏனெனில் அந்தப் புல்வெளியில் இன்று எஞ்சியிருப்பதெல்லாம், ஏதோ ஒரு காரணத்தால் கலப்பை போகாமல் விட்ட இடங்களில்தான் எஞ்சியிருக்கிறது.

'பிரெய்ரி' என்பது புல்தரை என்னும் பொருள்படும் பிரெஞ்சுச் சொல். முதலில் வந்த பிரெஞ்சு வணிகர்களும் பாதிரிமார்களும் தாங்கள் கண்ட நிலத்துக்கு ஏற்ற சொல் கையில் இல்லாமல், ஊரில் மாடு மேய்க்கும் வெளிக்கு வழங்கிய பெயரையே இதற்கும் வைத்துவிட்டார்கள். கனடாவின் ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மானிடோபா மாகாணங்களில் தொடங்கித் தெற்கே டெக்சஸ் வரையிலும், மேற்கே ராக்கி மலைகளின் அடிவாரத்திலிருந்து கிழக்கே இலினாய் தாண்டியும் விரிந்துகிடந்த நிலம் அது. பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை மலைகள் வடித்துவிடுவதால், அவற்றின் கிழக்குப் பக்கம் மழைமறைவுப் பகுதியாகிவிடுகிறது. கிழக்கே போகப் போக மெக்சிகோ வளைகுடாவின் ஈரம் கிடைத்து மழை கூடுகிறது. அதற்கேற்பப் புல்லின் உயரமும் கூடுகிறது. மலையடிவாரத்தில் கணுக்கால் அளவுக்குக் குட்டைப்புல், நடுவில் இரண்டும் கலந்த வெளி, கிழக்கே குதிரை மீது அமர்ந்து போகிறவரின் காலை உரசும் நெட்டைப்புல் என மூன்று பட்டைகளாக இதைப் பிரிப்பது வழக்கம். இவற்றுள் நெட்டைப்புல் வெளி மட்டும் சுமார் 17 கோடி ஏக்கர் இருந்தது. அதில் இன்று 4 விழுக்காடுகூட மிச்சமில்லை. 'பிரெய்ரி மாநிலம்' என்று பட்டப்பெயர் சூட்டிக்கொண்டிருக்கும் இலினாயில் 2 கோடி ஏக்கருக்கு மேல் இருந்த புல்வெளியில், பழைய தரம் கெடாமல் இருப்பது இரண்டாயிரத்துச் சொச்சம் ஏக்கர்தான்.

ஐரோப்பியக் கண்களுக்கு இந்த நிலத்தின் வளம் முதலில் புலப்படவில்லை. மரம் அடர்ந்த நிலமே நல்ல நிலம் என்று பழகியிருந்தவர்கள், மரமற்ற வெளியைக் கண்டு தயங்கினார்கள். 1820-இல் மேற்குச் சமவெளிகளைச் சுற்றிப்பார்த்துவிட்டு வந்த ஸ்டீபன் லாங் தலைமையிலான குழு, தன் வரைபடத்தில் அப்பகுதிக்கு 'மாபெரும் அமெரிக்கப் பாலைவனம்' என்று பெயர் எழுதியது. இங்கே முக்கால் பங்கு உயிர்ப்பொருள் மண்ணுக்குக் கீழேயே இருக்கிறது என்பதை மேலே நின்று பார்ப்பவர் அறிய வழியில்லை.

அதைத் தோண்டிப் பார்த்துச் சொன்னவர் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் தாவரவியலாளர் ஜான் வீவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் அவரும் மாணவர்களும் புல்வெளியில் ஆள் இறங்கி நிற்கும் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, அதன் சுவரில் தெரியும் வேர்களை மண் பறித்து ஒவ்வொன்றாக விடுவித்து, கட்டம் போட்ட தாளில் வரைந்து எடுத்தார்கள். நெட்டைப்புல் வெளியின் அரசன் எனத்தக்க பெரிய நீலத்தண்டுப் புல்லின் வேர் இரண்டு மீட்டருக்கும் கீழே போயிருந்தது; சில பூச்செடிகளின் வேர் நான்கு மீட்டரையும் தாண்டியது. ஒவ்வொரு செடியும் மண்ணின் ஒவ்வோர் அடுக்கில் நீர் தேடுவதால், ஒரே சதுர மீட்டரில் பத்திருபது இனங்கள் அதிகம் முட்டிக்கொள்ளாமல் வாழ முடிந்தது. ஆண்டுதோறும் இந்த வேர்களில் ஒரு பங்கு மடிந்து மண்ணோடு மண்ணாகும். பனிப்பாறைகள் பின்வாங்கியபின் பல ஆயிரம் ஆண்டுகளாக இப்படி உள்ளேயே எரு சேர்ந்ததால் உண்டானதுதான், இன்று உலகின் பெரும் தானியக் களஞ்சியங்களில் ஒன்றாக இருக்கும் அந்தக் கருமண்.

கிழக்குப் பகுதியில் மரம் வளரப் போதுமான மழை பெய்கிறது என்றால், அங்கே ஏன் காடு வரவில்லை? இந்தக் கேள்விக்கான விடையில்தான் இந்நிலத்தின் இயற்கையையும் அதன் மனிதர்களையும் பிரித்துப் பேச முடியாமல் போகிறது. விடை, நெருப்பு. புல்லின் வளரும் மொட்டு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது; மரக்கன்றின் மொட்டோ கிளை நுனியில் இருக்கிறது. தீ ஓடினால் புல்லின் காய்ந்த சருகு மட்டும் போகும். கன்று அடியோடு கருகும். எரிந்த தரை கறுத்து, இளவேனில் வெயிலை உள்வாங்கிச் சீக்கிரம் சூடேறும். பழைய சருகு மூடியிருக்கும் நிலத்தைவிட அங்கே துளிர் முன்னதாகக் கிளம்பும். மின்னலால் தீப்பிடித்ததுண்டு என்றாலும், கணிசமான தீ மனிதர் வைத்ததே. கான்சா, ஓசேஜ் முதலிய மண்ணின் மக்கள், துளிர் தேடி வரும் விலங்குகளை எதிர்பார்த்தும், வழியைத் துப்புரவாக வைக்கவும், வேறு பல காரணங்களுக்காகவும் புல்லைக் கொளுத்தினார்கள். வந்தேறிகள் 'கன்னி நிலம்' என்று எழுதிவைத்த அந்த வெளி உண்மையில் கைபட்டுப் பக்குவப்பட்ட நிலம்.

எரிந்த இடத்துத் துளிரைத் தேடி வந்தது பைசன். நம் காட்டெருமையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது; தலையும் தோளும் மயிரடர்ந்து, பின்புறம் சிறுத்த வேறோர் இனம் இது. இதன் மேய்ச்சலில் ஒரு தனித்தன்மை உண்டு. பெரும்பாலும் புல்லை மட்டும் கடித்துவிட்டுப் பூச்செடிகளை விட்டுவிடும். ஆதிக்கம் செலுத்தும் நெட்டைப்புல் குறைவதால், அதன் நிழலில் ஒடுங்கிக்கிடந்த செடிகளுக்கு வெளிச்சம் கிடைக்கும். புழுதிக் குளியலுக்காக அது தரையில் புரண்டு புரண்டு உண்டாக்கும் வட்டக் குழிகளில் இளவேனில் மழைநீர் தேங்கி, சில வாரங்களுக்குத் தவளைகளுக்கும் நீர்ச்செடிகளுக்கும் இடம் கொடுக்கும். கான்சஸ் மாநிலத்தின் மன்ஹாட்டன் நகருக்கு அருகில் உள்ள கோன்சா பிரெய்ரி ஆய்வு நிலையத்தில் 1987-இல் பைசன்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுக் கவனித்தார்கள். சுமார் முப்பது ஆண்டுகளில், மேய்ச்சலே இல்லாத நிலத்தோடு ஒப்பிடும்போது, அங்கே தாவர இனங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய இரு மடங்காகியிருந்தது. மாடு மேய்ந்த இடத்திலும் இனங்கள் கூடின. ஆனால் அந்த அளவுக்கு இல்லை.

மூன்று கோடி அல்லது அதற்கும் மேல் என்று மதிப்பிடப்படும் பைசன் கூட்டம் ஒரு தலைமுறைக்குள் அழிந்த கதை பலருக்கும் தெரிந்ததே. அதில் அதிகம் பேசப்படாத ஒரு கண்ணி தோல் பதனிடும் தொழில்நுட்பம். 1871-ஆம் ஆண்டு வாக்கில் பைசன் தோலைத் தொழிற்சாலை எந்திரங்களின் பட்டைகளுக்கு ஏற்றவாறு பதனிட வழி கண்டுபிடித்தார்கள். அதற்குமுன் குளிர்கால மயிர்த்தோலுக்கு மட்டும் இருந்த சந்தை, எல்லாப் பருவத்துத் தோலுக்கும் திறந்துகொண்டது. இருப்புப்பாதை ஏற்கெனவே வந்திருந்தது. தோல் முடிந்தபின் வெளியெங்கும் வெளுத்துக்கிடந்த எலும்புகளையும் பொறுக்கி, எரு தயாரிக்கவும் சர்க்கரையைச் சுத்திகரிக்கும் எலும்புக்கரி செய்யவும் ரயிலில் ஏற்றினார்கள். 1889-இல் விலங்கியலாளர் வில்லியம் ஹார்னடே எண்ணிப் பார்த்துச் சொன்ன கணக்கின்படி, எஞ்சிய பைசன்கள் மொத்தம் 1,091. பைசனை நம்பி வாழ்ந்த மக்களை ஒடுக்க இதைவிட எளிய வழி இல்லை என்பது அக்காலப் படை அதிகாரிகளுக்குத் தெரியாததன்று.

நெட்டைப்புல் வெளியை ஒழித்தது பைசன் வேட்டையன்று, கலப்பை. கிழக்கு மாநிலங்களிலிருந்து கொண்டுவந்த வார்ப்பிரும்புக் கொழுவில் இந்த ஒட்டும் கருமண் அப்பிக்கொண்டது. நாலடிக்கு ஒருமுறை நின்று வழித்துவிட வேண்டியிருந்தது. 1837-இல் இலினாயின் கிராண்ட் டிடூர் என்னும் சிற்றூரில் ஜான் டீர் என்ற கொல்லர், மரம் அறுக்கும் உடைந்த வாளின் தகட்டிலிருந்து வழவழப்பான எஃகுக் கொழு ஒன்றைச் செய்தார். மண் தானாக வழுக்கி விழுந்தது. பல ஜோடி எருதுகள் பூட்டிய கனத்த கலப்பைகள் முதல் உழவை முடித்தபோது, வேர்கள் பட்பட்டென்று அறுபட்ட சத்தத்தைக் குடியேறியவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். சதுப்பான இடங்களில் சுட்ட களிமண் குழாய்களைப் புதைத்து நீரை வடித்தார்கள். வடக்கு அயோவாவின் ஈரப் புல்வெளிகள் அப்படித்தான் போயின. 1862-ஆம் ஆண்டின் குடியிருப்பு நிலச் சட்டம், ஐந்தாண்டு தங்கி உழுபவருக்கு 160 ஏக்கர் என்று வழங்கத் தொடங்கியது. அந்த நிலம் யாரிடமிருந்து வந்தது என்பதை அச்சட்டம் பேசவில்லை.

மரமில்லாத நாட்டில் வந்து இறங்கியவர்கள் புல்லையே கட்டடப் பொருளாக்கிக்கொண்டதுதான் இவ்வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. நெப்ராஸ்காவில் வேரோடு பின்னிய மேல்மண்ணைப் பட்டை பட்டையாக உழுது எடுத்து, மூன்றடி நீளக் கட்டிகளாக வெட்டி, புல் கீழே பார்க்கும்படி அடுக்கி வீடு கட்டினார்கள். வெயிலுக்குக் குளிர்ச்சி, பனிக்குக் கதகதப்பு. மழை வந்தால் மட்டும் கூரை இரண்டு நாள் விடாமல் ஒழுகும். நடுக் கான்சஸில் வேலிக்கு மரக்கம்பம் கிடைக்காதவர்கள், மண்ணுக்கடியில் ஒரே கனத்தில் ஓடும் சுண்ணாம்புப் பாறை அடுக்கு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். வெட்டியெடுக்கும்போது மிருதுவாக இருந்து, காற்றுப்பட்டபின் இறுகும் கல் அது. வரிசையாகத் துளையிட்டு, ஒவ்வொன்றிலும் ஆப்பு வைத்து மாறிமாறித் தட்டினால் நேர்கோட்டில் பிளக்கும். இப்படிச் செய்த கற்கம்பங்கள், துருப்பிடித்த முள்கம்பியோடு மைல் கணக்கில் இன்னும் நிற்கின்றன. புல்கட்டி வீடுகளோ, எதனால் கட்டப்பட்டனவோ அதுவாகவே திரும்பக் கரைந்துபோய்விட்டன.

கனடாப் பக்கம் இதைப்போன்ற அடையாளம் தானியக் கோபுரம். இருப்புப்பாதை ஓரத்தில், குதிரை வண்டியில் தானியம் ஏற்றிவரும் உழவர் ஒரே நாளில் வந்து திரும்பக்கூடிய இடைவெளியில், ஊர்ப்பெயரைப் பெரிய எழுத்தில் தாங்கி நின்ற மரக் கோபுரங்கள் அவை. வானமும் தரையும் மட்டுமே உள்ள நாட்டில் தொலைவிலிருந்தே ஊர் வருவதைச் சொல்பவை. 1930-களில் கனடியப் புல்வெளி மாகாணங்களில் இவை 5,700-க்கு மேல் இருந்தன. லாரி வந்தது, சாலை நன்றானது, 1995-இல் தானிய ரயில் கட்டணத்துக்கு அரசு தந்துவந்த மானியம் நின்றது, கிளைப்பாதைகள் மூடப்பட்டன. பிரமாண்டமான கான்கிரீட் கிடங்குகள் சில வர, மரக் கோபுரங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டன. மானிடோபாவின் இங்லிஸ் ஊரில் ஐந்து கோபுரங்கள் ஒரே வரிசையில் தேசிய வரலாற்றுச் சின்னமாகக் காக்கப்படுகின்றன. புல்வெளியை அழித்து எழுந்த வாழ்க்கை முறையும் அருங்காட்சியகப் பொருளாக நூறாண்டு போதுமானதாக இருந்தது.

1930-களின் புழுதிப் புயல்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. முதல் உலகப்போர்க் காலத்துக் கோதுமை விலையைப் பார்த்து, உழவே கூடாத வறண்ட குட்டைப்புல் நிலத்தையும் உழுதார்கள். வறட்சி வந்தபோது மண்ணைப் பிடிக்க வேர் இல்லை. 1935 ஏப்ரல் 14-ஆம் நாள் எழுந்த கரும்புழுதி மலை, 'கறுப்பு ஞாயிறு' என்று பெயர் பெற்றது. மண்வளப் பாதுகாப்புக்கென்று சட்டம் அதே மாதத்தில் இயற்றப்பட்டது. காற்றைத் தடுக்க, வட டகோட்டாவிலிருந்து டெக்சஸ் வரை சுமார் 22 கோடி மரங்களும் நடப்பட்டன. அவற்றுள் கிழக்குச் செஞ்சிடார் எனப்படும் ஊசியிலை மரமும் ஒன்று. தீ எட்டாத பாறைச் சரிவுகளில் ஒதுங்கியிருந்த உள்நாட்டு மரம்தான் அது. தீ வைப்பது நின்று போன பின், அதுவே இன்று தென் சமவெளிகளில் புல்லை விழுங்கும் முதல் எதிரியாகியிருக்கிறது.

அப்படியானால் எஞ்சியிருக்கும் நெட்டைப்புல் எங்கே இருக்கிறது? பெரும்பகுதி, கிழக்குக் கான்சஸில் தொடங்கி ஒக்லஹோமாவின் ஓசேஜ் வட்டாரம் வரை நீளும் பிளின்ட் ஹில்ஸ் குன்றுகளில். அங்கே யாரும் புல்லின்மீது இரக்கப்பட்டு விட்டுவிடவில்லை. சில அங்குல மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புப் பாறையும், அதில் பதிந்த சிக்கிமுக்கிக் கற்களும் கிடந்ததால் கொழு மழுங்கியது. ஆகவே மாடு வளர்ப்பவர்கள் வந்தார்கள். பழங்குடிகளிடமிருந்து பார்த்துக் கற்றுக்கொண்ட வழக்கப்படி, கன்றுகள் சீக்கிரம் கொழுக்க வேண்டுமென்று ஒவ்வோர் இளவேனிலும் அவர்கள் குன்றுகளைக் கொளுத்துகிறார்கள். மாலை இருட்டில் குன்றுச்சரிவுகளில் தீ வரிசையாக ஊர்ந்து செல்வதைப் பார்க்க இப்போது சுற்றுலாப் பயணிகளும் வருகிறார்கள். அந்தப் புகையால் பக்கத்து நகரங்களில் காற்று கெடுகிறது என்று புகார்களும் வருகின்றன.

இந்தக் குன்றுகளில் ஒரு தேசியப் பூங்கா அமைக்கும் முயற்சி எளிதாக நடக்கவில்லை. 1961-இல் இடம் பார்க்க ஹெலிகாப்டரில் வந்து இறங்கிய உள்துறை அமைச்சர் ஸ்டூவர்ட் யூடாலை, அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த மாட்டுப்பண்ணைக்காரர் ஒருவர் அத்துமீறி நுழைந்ததாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார். அரசு நிலத்தை எடுத்துக்கொள்ளும் என்ற அச்சம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1996-இல்தான் சுமார் 10,900 ஏக்கரில் நெட்டைப்புல் தேசியக் காப்பகம் உருவானது. அதுவும் பெரும்பகுதி நிலம் தனியார் அறக்கட்டளையின் பெயரிலேயே இருக்கும்படியான ஓர் ஏற்பாட்டில். மாட்டுப்பண்ணைக்காரர்களைப் புல்லின் பகைவர் என்று எழுதுவது எளிது. ஆனால் அவர்கள் இல்லையென்றால் அந்தக் குன்றுகளில் இன்று புல்லுக்குப் பதில் செஞ்சிடார்தான் நின்றிருக்கும்.

அவர்கள் வழக்கத்திலும் குறை உண்டு. ஆண்டுதோறும் எல்லா இடத்தையும் ஒரே நேரத்தில் எரித்தால், பழைய சருகில் கூடு கட்டும் பறவைகளுக்கு இடமில்லாமல் போகிறது. பிரெய்ரிக் கோழி என்ற பறவையின் ஆண்கள் இளவேனில் விடியற்காலையில் குட்டைப்புல் மேட்டில் கூடி, கழுத்தின் இருபுறமும் உள்ள செம்மஞ்சள் பைகளை ஊதி, காலால் தரையைப் படபடவென்று தட்டி, வெகுதூரம் கேட்கும்படி உறுமும். ஆடுவதற்கு மொட்டை வெளியும், முட்டையிட அடர்ந்த புல்லும் இரண்டும் அதற்கு வேண்டும். ஆகவே ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வோர் ஆண்டும் வேறு வேறு துண்டை எரிக்கும் முறையை முன்வைத்தார்கள். மந்தை தானாகவே புதுத் துளிர் இருக்கும் துண்டுக்கு நகரும். பழைய நாளில் தீயும் பைசனும் சேர்ந்து செய்ததைத்தான் இது வேறு விதத்தில் செய்கிறது. 1970-க்குப் பிறகு வட அமெரிக்கப் புல்வெளிப் பறவைகளில் 53 விழுக்காடு, அதாவது 70 கோடிக்கும் மேற்பட்டவை குறைந்துவிட்டன என்று 2019-இல் வெளிவந்த கணக்கு இருக்கும்போது, இது வெறும் பண்ணை நுணுக்கம் என்று ஒதுக்கக்கூடியதன்று.

போனதைத் திரும்ப நட முடியுமா என்று முதன்முதலில் முயன்று பார்த்தது விஸ்கான்சின் பல்கலைக்கழகம். சூழலியலாளர் ஆல்டோ லியோபோல்ட் முதலியோர் முன்னின்று, பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வேலையற்றிருந்த இளைஞர்களைக் கொண்டு, 1930-களின் நடுவில் மேடிசன் நகரில் உழுது கைவிடப்பட்ட நிலத்தில் புல்லையும் பூச்செடிகளையும் நட்டார்கள். இன்று கர்ட்டிஸ் பிரெய்ரி எனப்படும் அதற்குத் தொண்ணூறு வயது ஆகிறது. இன்னும் களையெடுப்பும் தீ வைப்பும் நிற்கவில்லை. விதை தூவினால் புல் வந்துவிடும். ஆனால் அந்தக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் இனங்களின் நெருக்கமும் மண்ணின் கட்டும் அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை. கோன்சா ஆய்வு நிலையம் இதன் மறுபக்கத்தைக் காட்டியிருக்கிறது. அங்கே சில பகுதிகளை ஆண்டுதோறும், சிலவற்றை இரண்டு, நான்கு, இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை எரிக்கிறார்கள். அடிக்கடி எரிக்காமல் விட்ட பகுதிகளில் புதர் மண்டியது. ஒருமுறை புதர் வேரூன்றி நிழல் கட்டிவிட்டால், அடியில் எரிய வேண்டிய புல் இல்லாததால், பிறகு தீ வைத்தாலும் நிலம் பழைய நிலைக்கு எளிதில் திரும்புவதில்லை. காவல் போட்டு வேலி கட்டி 'இயற்கையின் போக்கில்' விட்டுவைக்கும் பாதுகாப்பு முறை இங்கே செல்லாது.

'கோன்சா' என்ற பெயர் கான்சா மக்களுடையது. கான்சஸ் என்ற மாநிலப் பெயரும் அவர்களுடையதே. இன்று கா இனத்தார் என்று அழைக்கப்படும் அவர்கள், பிளின்ட் ஹில்ஸில் கவுன்சில் குரோவ் அருகே எஞ்சியிருந்த கடைசி நிலத்திலிருந்து 1873-இல் ஒக்லஹோமாவுக்கு வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் வழிபட்டுவந்த, பனிப்பாறை வடக்கிலிருந்து உருட்டிக்கொண்டுவந்த 28 டன் செந்நிறப் பாறை ஒன்று கான்சஸ் ஆற்றோரத்திலேயே கிடந்தது. 1929-இல் லாரன்ஸ் நகரத்தார் தங்கள் ஊரின் 75-ஆம் ஆண்டு நிறைவுக்காக அதைப் பெயர்த்துக் கொண்டுபோய் ஒரு பூங்காவில் நிறுத்தி, ஊரை நிறுவிய குடியேறிகளின் நினைவாகப் பலகை ஒன்றை அதில் பதித்தார்கள். 2024-இல் அந்தப் பாறை கா மக்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டு, கவுன்சில் குரோவ் அருகே, அவர்கள் பிற்காலத்தில் விலை கொடுத்து வாங்கிய நிலத்தில் இறக்கிவைக்கப்பட்டது. கா இனத்தாரின் தலைமையகம் இன்னும் ஒக்லஹோமாவில்தான் இருக்கிறது.